நீ தமிழில் பேசிய சனிக்கிழமை

கண்ணா,

நீ இதை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய் என்று தெரியும். ஏழாம் வகுப்போடு ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பள்ளியை நிறுத்தியவன் நீ. ஆனாலும் மெதுவாகப் படிக்க வரும். மெதுவாகவே படி. போனில் சொன்னால் இரண்டு நிமிடத்தில் "ஓகே மா, காட் இட்" என்று முடித்துவிடுவாய். ஆங்கிலத்தில் எழுதினால் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு வைத்துவிடுவாய். இதைப் படிக்க உனக்கு அரை மணி நேரமாவது ஆகும். அந்த அரை மணி நேரம் எனக்கு வேண்டும்.

உண்மையில் நான் எழுத உட்கார்ந்தது வேறு. தமிழ்ப் பள்ளி ஆண்டு மலருக்குக் கல்பனா ஆன்ட்டி ஒரு கட்டுரை கேட்டிருந்தாள். "நம்ம பசங்க எல்லாம் ஹெல்மெட் மாட்டிக்கிட்டுக் கிளம்பிடுச்சுங்க. அம்மாக்களுக்கு ஒண்ணும் புரியல. ஒரு தமிழ்ப் பையன் காலேஜ் ஃபுட்பால் வரைக்கும் எப்படிப் போனான்னு நீ எழுது. கொஞ்சம் இன்ஸ்பையரிங்கா இருக்கட்டும்" என்றாள். முயன்று பார்த்தேன். ஒவ்வொரு வரியும் பாதியில் உன் பக்கம் திரும்பிக்கொண்டது. இன்ஸ்பையரிங்காக ஒன்றும் வரவில்லை, பயம்தான் வந்தது. அதனால் இதை முதலில் உனக்கு, இன்றிரவே மெயிலில் அனுப்புகிறேன். நீ சரி என்று சொல்லாமல் இது மலருக்குப் போகாது. உன் பெயரையும் நீ ஆடிய கல்லூரிகளின் பெயரையும் எங்கும் எழுதவில்லை. என் பெயரும் இருக்காது.

நீ பிறந்தபோது எனக்கு இருபத்தோரு வயது. உன் வகுப்புப் பிள்ளைகளின் அம்மாக்கள் என்னை உன் அக்கா என்று நினைத்துப் பேசியிருக்கிறார்கள். நியூ ஜெர்சியில், அந்த பிளெய்ன்ஸ்பரோ அப்பார்ட்மெண்டில், அப்பா பார்சிப்பனி ஆபீஸிலிருந்து வரும்வரை நீயும் நானும்தான். எனக்குப் படிக்கப் புத்தகம் இருந்தால் போதும், உனக்கு ஓட இடம் இருந்தால் போதும். புத்தகம் இருந்தது, இடம் இல்லை. சமையலறையிலிருந்து படுக்கையறைவரை நீ ஓடினால் கீழ் வீட்டுக்காரர் தன் வீட்டுக் கூரையைத் துடைப்பக் கட்டையால் இடிப்பார். அதற்குப் பயந்துதான் உன்னை மைதானத்துக்கு அழைத்துப்போக ஆரம்பித்தேன். வேறு எந்தத் திட்டமும் இல்லை. அங்கே நீ விழுவாய். புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கும் முன்பே என் வாய் "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல, எழுந்திரு" என்று சொல்லிவிடும். நம் வீடுகளில் எல்லோரும் சொல்வதுதான். அடி எங்கே பட்டது என்று பார்ப்பதற்கு முன்பே தீர்ப்பு வந்துவிடும். நீயும் முட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டு "ஒண்ணுமில்ல" என்று எனக்கே திருப்பிச் சொல்வாய். நீ முதன்முதலில் பேசிய சொற்களில் அது ஒன்று.

ஹைஸ்கூலில் நீ அமெரிக்கன் ஃபுட்பாலில் ரன்னிங் பேக் ஆகப்போகிறேன் என்று வந்து சொன்னபோது அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாது. நான் கேரட் நறுக்கிக்கொண்டிருந்தேன். நறுக்கிய துண்டுகளைப் பலகையிலேயே இரண்டு வரிசையாக எதிரெதிரே அடுக்கினாய். ஒரு வரிசை நீங்கள், இன்னொன்று அவர்கள். பின்னால் ஒரு பட்டாணியை வைத்தாய். அது நீ. பந்தை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, எதிரில் நிற்பவர்கள் எங்கே கூடி நிற்கிறார்களோ அங்கேயே போய் நுழைய வேண்டும். "அங்க ஏன்டா போகணும்? சுத்திப் போகலாமே?" என்று கேட்டேன். "சம்டைம்ஸ், மா" என்று சிரித்துவிட்டு, அந்தப் பட்டாணியை வாயில் போட்டுக்கொண்டு போய்விட்டாய். ஆனால் முதல் முறை அந்தக் கும்பலுக்குள் நுழைந்து மறுபக்கம் நீ தனியாக வெளியே வந்து ஓடியபோது, மடியிலிருந்த புத்தகம் கீழே விழுந்ததுகூடத் தெரியாமல் எழுந்து நின்றேன். நீ ஓடுவதைப் பார்ப்பது எனக்குப் பிடித்திருந்தது. அதை மறைத்துவிட்டு இந்தக் கடிதத்தை எழுத முடியாது. பயமும் பெருமையும் ஒரே இடத்தில்தான் உட்கார்ந்திருந்தன. பல வருடம் நான் பெருமைக்கு மட்டும் இடம் கொடுத்தேன்.

நியூ ஜெர்சியிலேயே கல்லூரி கிடைத்தது. அங்கே இரண்டு வருடம் பெரும்பாலும் மைதானத்தின் ஓரத்தில் நின்றாய். உன்னைச் சேர்த்துக்கொண்ட கோச் போய்ப் புதியவர் வந்தார், அவர் தன் ஆட்களைக் கூட்டிவந்தார். நீ போர்ட்டலில் பெயர் போட்டாய். ஒரு கல்லூரியை விட்டு இன்னொரு கல்லூரிக்கு ஆடப் போக நினைப்பவர்கள் பெயரை ஏற்றுகிற இடம் அது; அதைப் பார்த்து வேறு கோச்சுகள் கூப்பிடுவார்கள். ஒரு பிறந்தநாள் பார்ட்டியில் நான் இதை விளக்கிக்கொண்டிருந்தபோது ரமணி அங்கிள் தட்டோடு பக்கத்தில் வந்து நின்றார். "உயரம், எடை, வீடியோ. அப்ப இது மேட்ரிமோனியல் சைட்டுதான்னு சொல்லுங்க. ஜாதகம் மட்டும்தான் கேக்கல."

கல்பனா விடுவாளா. "பையன் தங்கமான பையன் சார். முதல் இடம் சரியா அமையல, அவ்ளோதான்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். கலிஃபோர்னியாவில், பே ஏரியாவிலிருந்து ஒரு கல்லூரி உன்னைக் கூப்பிட்டது. அங்கே நீ நிஜமாகவே ஆடினாய். சனிக்கிழமைகளில் அப்பா லேப்டாப்பை டிவியோடு இணைத்துவிட்டு, யாரும் குறுக்கே போகக் கூடாது என்று உத்தரவு போடுவார்.

அந்த அக்டோபர் சனிக்கிழமையை நான் இப்போது கண்ணை மூடிக்கொண்டே சொல்வேன். ஆட்டத்தின் பிற்பாதியில் இரண்டு பேர் சேர்ந்து உன்னை மடக்கினார்கள். நீ மல்லாந்து விழுந்தபோது தலையின் பின்பக்கம் தரையில் பட்டுத் துள்ளியது. "எழுந்துட்டான், எழுந்துட்டான்" என்றார் அப்பா. எழுந்துதான் விட்டாய். அடுத்த முறை அணி வரிசையாக நின்றபோது, உன்னிடம் பந்தைக் கொடுக்க வேண்டிய குவார்ட்டர்பேக்கின் இடப்பக்கம் போய் நின்றாய். அவன் உன் இடுப்பைப் பிடித்து வலப்பக்கம் நகர்த்தி நிறுத்தினான். ஏதோ திட்டத்தை மாற்றுகிறார்கள் என்றார் அப்பா. நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். அன்று எட்டு மணி வாக்கில் நீ அழைத்தாய்.

"அம்மா, சாப்டியா?"

"சாப்டேன்டா. நீ?"

"இல்ல. இங்க குளிருது. அப்பா ஆபீஸ்லேர்ந்து வந்தாச்சா?"

"சனிக்கிழமை என்னடா ஆபீஸு?"

"ஓ." பிறகு, "நாளைக்குத் தமிழ் ஸ்கூல் இருக்கா? நான் ஹோம்வொர்க் பண்ணல" என்றாய்.

"நீ என்னிக்குடா பண்ணியிருக்க?" என்று சிரித்தேன். நீயும் சிரித்தாய். தூக்கம் வருகிறது என்று சொல்லிவிட்டு வைத்தாய்.

நான் தமிழில் கேட்பேன், நீ ஆங்கிலத்தில் பதில் சொல்வாய். நம் வீட்டில் இத்தனை வருடம் அப்படித்தான். அன்று நீ சின்ன வயதில் பேசியதுபோலவே, அதே இழுவையோடு பேசினாய். விளையாட்டுக்குப் பேசுகிறாய், வீட்டு நினைப்பு வந்துவிட்டது என்று நான் முடிவு கட்டிவிட்டேன். போனை வைத்த கையோடு கல்பனாவுக்கு எழுதினேன்: பிள்ளை இன்றைக்கு முழுக்கத் தமிழில் பேசினான். "தூரம் போனாத்தான் அருமை தெரியும். என் பொண்ணையும் கலிஃபோர்னியாவுக்கு அனுப்பணும்" என்று அவள் பதில் போட்டாள். அந்த வாரம் முழுவதும் ஆபீஸில், கோயிலில், பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னேன். சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்பட்டேன்.

டிசம்பர் விடுமுறைக்கு வந்தாய். சாப்பிடும்போது, "அன்னிக்கு மாதிரி தமிழ்ல பேசேன்டா, கேக்க ஆசையா இருக்கு" என்றேன். "எப்போ?" என்ற அர்த்தத்தில் புருவத்தைத் தூக்கினாய். நான் அந்த அழைப்பைச் சொன்னேன். குளிருது என்றாய், அப்பா ஆபீஸிலிருந்து வந்தாச்சா என்றாய், தமிழ் ஸ்கூல் இருக்கா என்று கேட்டாய். சொல்லச் சொல்ல உன் முகம் மாறிக்கொண்டே வந்தது. பிய்த்த சப்பாத்தியைத் தட்டில் திரும்ப வைத்தாய். "வாட் கால்?" என்றாய்.

அப்பா சிரிக்கத் தொடங்கியவர் நிறுத்திக்கொண்டார். உனக்கு அந்த அழைப்பே நினைவில் இல்லை. பிற்பாதி ஆட்டம் நினைவில் இல்லை, அறைக்குத் திரும்பியது நினைவில் இல்லை. உன் தலை தெளிவாக இருக்கிறதா என்று பார்க்க அணியின் மருத்துவ ஆட்கள் மைதானத்தின் ஓரத்தில் வைத்து ஸ்கோர் என்ன என்று கேட்டார்களாம், நீ போர்டைப் பார்த்துச் சொல்லிவிட்டாயாம். அதுவும் உன் நண்பன் ஒருவன் சொல்லித்தான் உனக்குத் தெரியுமாம். மற்றவற்றையும் அப்போதுதான் சொன்னாய். சீசன் தொடங்குமுன் ஒவ்வொருவருக்கும் கம்ப்யூட்டரில் ஒரு சோதனை வைப்பார்கள். சொற்களை நினைவில் வைத்துச் சொல்ல வேண்டும், திரையில் படம் மாறியதும் பட்டனை அழுத்த வேண்டும். தலையில் அடிபட்டால் மறுபடி அதையே வைத்து முன்னதோடு ஒப்பிடுவார்கள். அதனால் முதல் தடவையே வேண்டுமென்று மந்தமாகச் செய்துவிட்டால், அடிபட்ட பின்னும் பழைய ஆள் மாதிரியே தெரியுமாம். முதல் கல்லூரியில் சீனியர்கள் சொல்லிக்கொடுத்தார்களாம். "எவ்ரிபடி டஸ் இட், மா" என்றாய். எல்லோரும் செய்கிறார்கள் என்றால் ஆபத்து எல்லோருக்கும் பங்கு பிரிந்து குறைந்துவிடும் என்பதுபோலச் சொன்னாய்.

நீ எப்படி இருப்பாய், எப்படிப் பேசுவாய் என்று முழுதாகத் தெரிந்தவள் நான். நீ நீயாக இல்லை என்பது அன்று என் காதில்தான் வந்து விழுந்தது. நான் அதைக் கொண்டாடினேன். வேறு எந்த ஆட்டக்காரனின் அம்மாவும் இப்படித் தவறவிட்டிருக்க மாட்டாள். மகன் தாய்மொழியில் பேசினால் மற்றவர்களுக்கு அது செய்தியே இல்லை. எனக்கு அது பல வருட ஏக்கம். ஏக்கப்பட்டது கையில் வந்து விழுந்தால் எப்படி வந்தது என்று யாரும் கேட்பதில்லை. நான் கேட்கவில்லை.

யாரிடமும் சொல்லாதே, இன்னும் ஒரு சீசன்தான் என்றாய். நான் தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். நீ அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாய். டாக்டரிடம் வா என்று எத்தனை முறை கூப்பிட்டும் வரவில்லை. நான் தனியாக ஒரு நரம்பியல் மருத்துவரைப் போய்ப் பார்த்தேன். ஆளைப் பார்க்காமல் எதுவும் சொல்ல முடியாது என்றார். சின்ன வயது மொழி திரும்பி வந்தது அடியால்தானா என்றும் தெரியாது என்றார். உனக்கு நினைவில்லை என்றதும்தான் பேனாவைக் கீழே வைத்தார். அடுத்த அடிதான் கவலை என்றார். முதல் அடி பட்டதே யாருக்கும் தெரியாவிட்டால் அடுத்ததை முதல் என்று நினைத்துவிடுவார்கள். அந்த ஒரு வாக்கியம் அதன்பிறகு என்னை விடவேயில்லை.

பே ஏரியா கோச்சும் போனார். நீ மறுபடி போர்ட்டலில் பெயர் போட்டாய், இப்போது டெக்சாஸ். மூன்று கல்லூரிகளிலும் உன்னை அப்போதுதான் முதன்முறையாகப் பார்க்கிறார்கள். நீ முதலில் எவ்வளவு வேகமாக யோசிப்பாய், எதற்குச் சிரிப்பாய், எப்போது கோபப்படுவாய் என்று அவர்களில் யாருக்கும் தெரியாது. நீ மாறிப்போனால், இவன் இப்படித்தான் என்று எடுத்துக்கொள்வார்கள். உனக்குச் சொல்ல என்னிடம் பெரிய புத்திமதி எதுவும் இல்லை. ஒன்று மட்டும் சொல்வேன். எங்கே போனாலும் உன்னை முன்பிருந்தே தெரிந்த ஒருவரை அருகில் வைத்துக்கொள். நண்பனோ, நாளை உனக்கு மனைவியாக வருகிறவளோ, யாராக இருந்தாலும் சரி. "நீ சரியா இல்ல" என்று அவர் சொன்னால் கோபப்படாமல் கேள்.

நீ டெக்சாஸ் புறப்படுவதற்கு முந்தைய நாள் ஐசலின் கடைத்தெருவுக்குச் சாப்பிடப் போனோமே. உனக்குப் பிடித்த இடம், பிடித்த மேஜை. உள்ளே எவர்சில்வர் தட்டுகளை அடுக்குகிற சத்தம் வந்துகொண்டிருந்தது. தோசையைப் பாதியில் விட்டு எழுந்து வெளியே போய்விட்டாய். பரிமாறியவர் என்னிடம் வந்து, "தோசை சரியில்லையாம்மா? வேற போடச் சொல்லட்டுமா?" என்று கேட்டார். நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தேன். பக்கத்து நகைக்கடை விளக்குகளுக்கு முதுகைக் காட்டி, தொப்பியைப் புருவம்வரை இறக்கிவிட்டு நின்றாய்.

"தலை வலிக்குதாடா?"

"ஐ ஆம் ஃபைன், மா."

அடிபட்டது அக்டோபரில். நாம் ஐசலினில் நின்றது கோடையில். டெக்சாஸ் போய்ச் சேர்ந்ததும் ஒரு போட்டோ அனுப்பினாய். வெயிலில் வெளுத்துப்போன பார்க்கிங், உன் கார், பின்சீட்டில் நான் கொடுத்தனுப்பிய ரைஸ் குக்கர், அதற்கு ஒரு சீட் பெல்ட். அப்பா அதைப் பார்த்து வெகுநேரம் சிரித்தார். நான் பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

அப்பாவிடம் சொன்னேன், உன் புதுக் கல்லூரிக்கு போன் செய்யப்போகிறேன் என்று.

"அவன் சின்னப் பையன் இல்ல. அடல்ட்" என்றார்.

"அடல்ட்டுன்னா தலை இரும்புல இருக்குமா?"

"நான் அதைச் சொல்லல. நீ போன் பண்ணினா இனிமே அவன் நம்மகிட்ட வாயே திறக்க மாட்டான். அடுத்த தடவை அடிபட்டா நமக்குத் தெரியவே போறதில்ல. அதை யோசிச்சியா?"

யோசிக்காமல் இல்லை. அதை நினைத்துத்தான் இத்தனை நாள் கையைக் கட்டிக்கொண்டிருந்தேன். அப்பாவுக்குக் கவலை இல்லை என்று நினைத்துவிடாதே. உன் பழைய ஆட்டங்களை அவர் இப்போது பார்ப்பதில்லை. அந்த அக்டோபர் ஆட்டத்தை மட்டும் ஒரு நாள் நிறுத்தி நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வந்ததும் லேப்டாப்பை மூடிவிட்டு, காபி இருக்கா என்று கேட்டார்.

என் வேலை என்னவென்று உனக்குத் தெரியும். மருந்து சாப்பிட்டவர்களுக்கு என்ன ஆயிற்று என்று வருகிற தகவல்களைப் படித்துப் பிரித்து மேலே அனுப்புவது. புதிதாகச் சேருபவர்களுக்கு நான் முதலில் சொல்வது ஒன்றுதான். மருந்தால்தான் வந்தது என்று நிரூபிப்பது நம் வேலை இல்லை. சந்தேகம் இருந்தாலே அனுப்பிவிட வேண்டும். நிச்சயமாகத் தெரியட்டும் என்று காத்திருந்தால் அதற்குள் இன்னொருவர் அதைச் சாப்பிட்டிருப்பார். போன வாரம் புதுப் பெண் ஒருத்தி என் மேஜைக்கு வந்தாள். "ஹஸ்பெண்ட் கொஞ்ச நாளா வேற மாதிரி பேசறார்னு மட்டும்தான் எழுதியிருக்காங்க. இதை சிம்ப்டமா எடுத்துக்கலாமா?" என்று கேட்டாள். "எடுத்துக்கணும். அனுப்பு" என்றேன். அவள் போனபிறகு அந்த வரியை நானே திறந்து மறுபடி படித்தேன்.

இன்று மதியம், ஆபீஸ் பார்க்கிங்கில் காருக்குள் உட்கார்ந்து, உன் அணியின் மருத்துவ அலுவலகத்துக்கு போன் செய்தேன். எடுத்தவள் மரியாதையாகப் பேசினாள். நீ அங்கே இருக்கிறாயா என்பதைக்கூட உன் அனுமதி இல்லாமல் தன்னால் சொல்ல முடியாது என்றாள். ஆனால் நான் சொல்வதைக் கேட்பதற்குத் தடை இல்லை என்றாள். சொன்னேன். தலையின் பின்பக்கம் பட்டதை, நினைவில் இல்லாத அழைப்பை, தட்டுச் சத்தம் தாங்காமல் எழுந்து போனதை. சோதனையை மந்தமாகச் செய்கிற வழக்கத்தையும் சொன்னேன். நடுவில் ஒரே ஒரு கேள்வி கேட்டாள், நீங்கள் அழைப்பது உங்கள் மகனுக்குத் தெரியுமா என்று. இன்றைக்குள் தெரிந்துவிடும் என்றேன். முடிவில், இங்கே வருகிற எல்லோரிடமும் டாக்டர் நேராகவே கேட்பார் என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

சொல்லிவிட்டால் பயம் போய்விடும் என்று நினைத்திருந்தேன். இல்லை. முன்பு ஒரு பயம்தான் இருந்தது. இப்போது உன் குரலே இனி இந்த வீட்டுக்கு வராமல் போகுமோ என்று இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. கார் ஜன்னலை இறக்கிவிட்டு, இரண்டில் எதை என்னால் தாங்க முடியும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். நீ என்னோடு பேசாமல் எங்கோ நன்றாக இருக்கிறாய் என்றால் அதோடு வாழ்ந்துவிடுவேன். நீ பக்கத்திலேயே உட்கார்ந்து, நான் யார் என்று யோசிக்கிற ஒரு நாள் வந்தால் அதோடு வாழ எனக்குத் தெரியாது. இந்தக் கணக்கு உனக்குப் பிடிக்காமல் போகலாம். நீ விளையாட முடியாமல் போனால் அதற்கு நான் காரணம் என்று உன் மனதில் இருக்கும். இருக்கட்டும். என்னைத் திட்ட வேண்டும் என்றால் அழைத்துத் திட்டு. எவ்வளவு நேரம் ஆனாலும் வைக்காமல் கேட்டுக்கொண்டிருப்பேன்.

நாளைக் காலை உனக்கு மருத்துவப் பரிசோதனை. இதற்கு முன் தலையில் அடிபட்டதுண்டா என்று டாக்டர் கேட்பார். எல்லோரிடமும் கேட்கிற கேள்விதான். உன்னிடம் கேட்டுவிட்டு மட்டும் பதிலுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் காத்திருப்பார் என்று நினைக்கிறேன். யார் சொல்லியிருப்பார்கள் என்று உன் நண்பர்களில் ஒருவரையும் நீ சந்தேகப்பட வேண்டாம். நான்தான். அவர் காத்திருக்கும் அந்தக் கொஞ்ச நேரத்தில் நீயே வாய் திறந்து சொல்லிவிட்டால், என் போன் யாரோ ஒரு பதற்றக்கார அம்மாவின் போன் என்று ஓரமாகப் போய்விடும். அப்படியே போகட்டும்.

அம்மா